மே மாத ஆய்வகப் பயிற்சிக்கு அக்டோபரிலேயே விண்ணப்பம்: நாம் எங்கே பிந்துகிறோம்?

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் ஊர்களில் கல்வி வழிகாட்டி முகாம்கள் களைகட்டும். ஜமாஅத்துகளும் இளைஞர் அமைப்புகளும் முன்னின்று நடத்துகின்றன. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, எந்த உதவித்தொகை என்று விளக்குகின்றன. பாராட்ட வேண்டிய பணி.

அதே மே மாதத்தில் நாட்டின் முன்னணி அறிவியல் ஆய்வகங்களின் விடுதிகளில் நூற்றுக்கணக்கான கல்லூரி மாணவர்கள் பெட்டியுடன் வந்து இறங்குவார்கள். பெங்களூரு, மும்பை, சென்னை, கல்பாக்கம் என்று பல இடங்களில் ஆறு முதல் எட்டு வாரம் தங்கி, ஒரு விஞ்ஞானியின் கீழ் பணியாற்றுவார்கள். பெரும்பாலான திட்டங்களில் இதற்குக் கட்டணம் கிடையாது, மாணவருக்குத்தான் உதவித்தொகை தருகிறார்கள். அந்த மாணவர்கள் விண்ணப்பித்தது ஐந்தாறு மாதங்களுக்கு முன்பு. நம் முகாம் நடக்கும் நாளில் அந்தக் கதவு திறந்து மூடி வெகு நாளாகியிருக்கும்.

நம் பிள்ளைகள் ஆராய்ச்சித் துறையில் குறைவாக இருப்பதற்குப் பல காரணங்கள் சொல்கிறோம். வறுமை, பாகுபாடு, வெளிநாட்டு வேலை மோகம் எல்லாவற்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நம் கையில் இருந்தும் நாம் கவனிக்காத ஒரு காரணம் காலண்டர்.

என்ன பயிற்சி இது?

கல்லூரி ஆய்வகத்தில் நம் பிள்ளைகள் செய்யும் சோதனைகளின் விடை முன்கூட்டியே தெரிந்தது. பதிவேட்டில் சீனியர் எழுதிய எண்ணுக்கு அருகில் விடை வந்தால் மதிப்பெண். ஆராய்ச்சி நிறுவனத்தில் நிலைமை வேறு. வழிகாட்டும் விஞ்ஞானி ஒரு சிறிய கேள்வியைத் தருவார். அதற்கான விடை அவருக்கே முழுதாகத் தெரியாது. மாணவர் பழைய ஆய்வுக்கட்டுரைகளைப் படிப்பார், கருவியை இயக்கக் கற்றுக்கொள்வார், அளவெடுப்பார், தவறு வந்தால் ஏன் வந்தது என்று தேடுவார். முடிவில் ஓர் அறிக்கை எழுதி, பல இடங்களில் மற்றவர் முன் பேசியும் காட்டுவார்.

ஐஐஎஸ்சி, ஐசர் போன்ற நிறுவனங்களில் படிக்கும் மாணவருக்கு இந்த அனுபவம் வளாகத்துக்குள்ளேயே கிடைத்துவிடும். கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலோ வேதியியலோ படிக்கும் மாணவருக்கு அப்படி இல்லை. அவருக்கும் ஆய்வு உலகத்துக்கும் இடையே இருக்கும் முக்கியமான பாலம் இந்தக் கோடைக்காலப் பயிற்சிதான். பிற்பாடு பிஎச்.டி. நேர்முகத்தில் உட்காரும்போதும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போதும், "இவர் என்னிடம் இரண்டு மாதம் வேலை செய்தார், இன்னது செய்தார்" என்று ஒரு விஞ்ஞானி எழுதும் கடிதத்துக்குத் தனி எடை உண்டு.

இன்னொரு பயனும் இருக்கிறது. ஆராய்ச்சி தனக்கு ஒத்துவருமா என்பதை மாணவரே தெரிந்துகொள்கிறார். ஒத்துவராது என்று இரண்டு மாதத்தில் தெரிந்துவிட்டால், பிஎச்.டி. பாதி வழியில் தெரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

எங்கெல்லாம் வாய்ப்பு இருக்கிறது?

நாடு முழுவதற்குமான பெரிய திட்டம், மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம். 1934-ல் சர் சி.வி. ராமன் பெங்களூருவில் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம், டெல்லியிலும் பிரயாக்ராஜிலும் உள்ள இரண்டு தேசியக் கழகங்கள் ஆகியவை இதில் கூட்டாக இயங்குகின்றன. மாணவர்கள் மட்டுமின்றி கல்லூரி ஆசிரியர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானவர் நாட்டின் எந்த மூலையில் உள்ள நிறுவனத்துக்கும் அனுப்பப்படலாம். விண்ணப்பம் சமீப ஆண்டுகளில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் முடிந்துவிடுகிறது.

மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூருவில் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம் ஆகியவை தனித்தனியே கோடைக்காலத் திட்டங்கள் நடத்துகின்றன. இவற்றுக்கான விண்ணப்பம் பெரும்பாலும் ஆண்டு முடிவிலும் புத்தாண்டுத் தொடக்கத்திலும் வரும்.

நம் மாநிலத்துக்குள்ளேயே இருப்பவை பலருக்குத் தெரிவதில்லை. சென்னை தரமணியில் 1962 முதல் இயங்கும் கணித அறிவியல் நிறுவனம் கணிதம், இயற்பியல், கணினி அறிவியல் மாணவர்களைக் கோடையில் சேர்த்துக்கொள்கிறது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எம்.எஸ்சி. முதலாண்டு இயற்பியல், வேதியியல் மாணவர்களுக்கென்றே கோடைப் பயிற்சி நடத்திவருகிறது. சென்னை ஐஐடியில் கோடைக்கால ஃபெலோஷிப் உண்டு. 1899 முதல் இயங்கும் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும், வாணியம்பாடிக்கு அருகே ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தையும் நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமும் மாணவர்களுக்குக் கோடைத் திட்டங்கள் வைத்திருக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

ஒவ்வொரு திட்டத்துக்கும் தகுதி வேறுபடும். சிலவற்றில் இறுதியாண்டு மாணவர் சேர முடியாது, சிலவற்றில் எம்.எஸ்சி. முதலாண்டு மட்டும்தான். எனவே, "மூன்றாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டால் வாய்ப்பே இல்லாமல் போகலாம். தகுதியும் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தை செப்டம்பர் முதலே பார்த்துவர வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் பழைய அறிவிப்பை நம்பக்கூடாது.

பாலாறு சொல்லும் பாடம்

"ஆராய்ச்சி நமக்கு எதற்கு? வியாபாரம் இருக்கிறதே" என்று கேட்பவர்கள் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். அங்குள்ள டேனரிகள் எத்தனையோ முஸ்லிம் குடும்பங்களைப் பல தலைமுறைகளாக வாழவைத்தவை. குரோமியம் உப்பைக் கொண்டு தோலைப் பதப்படுத்தும்போது தோல் அதை முழுவதும் ஏற்பதில்லை. மீதி கழிவுநீரில் போகிறது. அது பாலாற்றிலும் கிணறுகளிலும் சேர்ந்த கதை நமக்குத் தெரியும்.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தி, டேனரிகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட உத்தரவிட்டது. சுத்திகரிப்பு வசதி இல்லாமல் இனித் தொழில் நடத்த முடியாது என்ற நிலை வந்தது. தொழிலைக் காப்பாற்றவும் நிலத்தடி நீரைக் காப்பாற்றவும் அன்று தேவைப்பட்டது வேதியியல் அறிவு.

அந்த அறிவை வளர்க்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் சென்னை அடையாற்றில் இருக்கிறது. தண்ணீர் இல்லாமலேயே குரோம் பதனிடும் தொழில்நுட்பம் வரை அங்கே உருவாகியிருக்கிறது. டேனரிக்குள் வளர்ந்த பிள்ளைக்குத் தோலின் தன்மையும் தொழிலின் சிக்கலும் புத்தகம் படிக்காமலே தெரியும். அந்தப் பிள்ளையே விஞ்ஞானியாக அங்கே அமர்ந்தால், ஊருக்கும் தொழிலுக்கும் கிடைக்கும் நன்மை பெரிது. மீன்பிடித் தொழில் நடக்கும் கடலோர ஊர்களுக்கும், நெசவும் சாயமும் உள்ள ஊர்களுக்கும் இதே கணக்குதான்.

ஏன் இப்போது?

2006-ல் வெளியான சச்சார் குழு அறிக்கை ஒரு கணக்கைச் சொன்னது. நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளநிலை படிப்போரில் 25 பேருக்கு ஒருவர் முஸ்லிம். முதுநிலையில் 50 பேருக்கு ஒருவர். மேலே போகப் போக நம் எண்ணிக்கை சரிபாதியாகக் குறைகிறது. ஆராய்ச்சி என்பது முதுநிலைக்கும் மேலே உள்ள படி.

சிறுபான்மை சமூக ஆய்வு மாணவர்களுக்காக இருந்த மௌலானா ஆசாத் தேசிய ஃபெலோஷிப் 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. மற்ற உதவித்தொகைத் திட்டங்களோடு இது ஒன்றிப்போவதாக ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் காரணம் சொன்னது. அந்த முடிவை எதிர்த்துக் குரல் கொடுத்தது சரியே, இன்னும் கொடுக்க வேண்டும். ஆனால் இன்று பி.எஸ்சி. படிக்கும் பிள்ளை அந்த முடிவு மாறும்வரை காத்திருக்க முடியாது. அனைவருக்குமான போட்டியில் அவர் நுழைந்தாக வேண்டும்.

அந்தப் போட்டியில் வென்றால் கிடைப்பது சிறிய தொகையும் அல்ல. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் தகுதி பெற்று ஆய்வில் சேர்பவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், தகுதியானோருக்கு வீட்டு வாடகைப் படியும் உண்டு. இரண்டு ஆண்டுக்குப் பின் அது 42,000 ஆகும். "இன்னும் ஐந்து வருடம் படித்தால் வீட்டுக்கு யார் சம்பாதிப்பது?" என்று கேட்கும் தந்தையிடம் இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும். பிஎச்.டி. படிப்பில் சம்பளம் போல மாதா மாதம் உதவித்தொகை வருகிறது என்பதே நம் வீடுகள் பலவற்றில் தெரியாத செய்தி.

விண்ணப்பத்தில் எதைப் பார்க்கிறார்கள்?

மதிப்பெண் முக்கியம்தான். அரியர் இல்லாமல் நல்ல சதவீதம் வைத்திருக்க வேண்டும். ஆனால் நல்ல மதிப்பெண் வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்களில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை முடிவு செய்வதில், மாணவர் தன்னைப் பற்றி எழுதும் சிறு குறிப்புக்கும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

"சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம், அப்துல் கலாம் போல் ஆக வேண்டும் என்பது என் கனவு" என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். படிப்பவருக்கு அந்த மாணவரைப் பற்றி எதுவும் தெரியாது. மாறாக, "எங்கள் ஊரில் மூன்று கிணறுகளின் நீரை எடுத்துக் கல்லூரி ஆய்வகத்தில் உப்பின் அளவைப் பார்த்தேன். மழைக்குப் பிறகு இரண்டில் குறைந்தது, ஒன்றில் குறையவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்" என்று எழுதும் மாணவர் தனியாகத் தெரிவார். பெரிய கருவி எதுவும் அவரிடம் இல்லை. ஒரு கேள்வி இருக்கிறது. ஆய்வாளர்கள் தேடுவது அதைத்தான்.

சில திட்டங்களில் எந்த விஞ்ஞானியிடம், எந்தத் தலைப்பில் பணியாற்ற விருப்பம் என்று கேட்பார்கள். அவரது பக்கத்தைத் திறந்து, சமீபத்திய ஆய்வு ஒன்றின் சுருக்கத்தையாவது படித்த பிறகே பெயரைக் குறிப்பிட வேண்டும். நேரடியாக மின்னஞ்சல் அனுப்பும் மாணவர்களும் இதைச் செய்ய வேண்டும். ஒரே கடிதத்தை நூறு பேராசிரியர்களுக்கு அனுப்பினால் நூறு பேருக்கும் அது தெரிந்துவிடும். செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தரும் கடிதங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆங்கிலம் எளிமையாக இருந்தாலும் பரவாயில்லை, சொந்த வரிகளில் பத்து வரி போதும்.

நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. பெயர் எழுத்து. ஆதாரில் முஹம்மது ஒரு விதமாகவும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு விதமாகவும், கல்லூரி அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். ஓரிடத்தில் தந்தை பெயர் முழுதாக, ஓரிடத்தில் இனிஷியல் மட்டும். கல்பாக்கம் போன்ற பாதுகாப்பு வளாகங்களில் நுழைய அடையாள ஆவணம் சரியாக இருந்தாக வேண்டும். தேர்வான பிறகு அலைவதைவிட, முதலாண்டிலேயே திருத்திக்கொள்வது நல்லது.

பரிந்துரைக் கடிதம்

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் மாணவர் பேராசிரியரிடம் பேசவே தயங்குவார். கடைசி நாள் மாலை துறைத்தலைவர் அறை வாசலில் போய் நிற்பார். அவரும் அவசரத்தில் "நல்ல மாணவர், ஒழுக்கமானவர்" என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்த இரண்டு வரி மாணவருக்கு உதவாது.

மூன்று வாரம் முன்பே கேட்க வேண்டும். மதிப்பெண் பட்டியல், தான் எழுதிய குறிப்பு, திட்டத்தின் விவரம் மூன்றையும் கையில் கொடுக்க வேண்டும். ஆசிரியரும் அந்த மாணவர் வகுப்பில் கேட்ட கேள்வியை, ஆய்வகத்தில் செய்த வேலையை எழுத வேண்டும். பேராசிரியர்களாக இருக்கும் வாசகர்கள் இதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பணம் கேட்கும் பயிற்சிகள்

பட்டப்படிப்பில் இன்டர்ன்ஷிப் வேண்டும் என்ற நிலை பரவியதும், சான்றிதழ் விற்கும் கடைகளும் பெருகிவிட்டன. சமூக ஊடகத்தில் விளம்பரம், பதிவுக் கட்டணம் சில ஆயிரம், நாலு காணொளி, முடிவில் வண்ணச் சான்றிதழ். ஆராய்ச்சி நிறுவனத்தில் அந்தச் சான்றிதழை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

ஒரு நுணுக்கம் உண்டு. சில அரசு ஆய்வகங்களே, கல்லூரி புராஜெக்ட் செய்ய வரும் மாணவரிடம் அதிகாரபூர்வமாகக் கட்டணம் வாங்குவதுண்டு. அது வேறு வகை. அதற்கு நிறுவனத்தின் இணையதளத்தில் அறிவிப்பு இருக்கும், பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போகும், ரசீது வரும். தனிநபரின் யுபிஐ எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

மகளை அனுப்பலாமா?

நம் பெண் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். நல்ல மதிப்பெண் எடுக்கும் மகளுக்கு அனுமதிக் கடிதம் வந்த பிறகு, "இரண்டு மாதம் தெரியாத ஊரில் தனியாகவா?" என்று வீடு தயங்குகிறது. அந்தத் தயக்கத்தைக் கேலி செய்வதால் பயனில்லை. அதற்குப் பதில் தேட வேண்டும்.

பெண்களுக்குத் தனி விடுதி உண்டா, ஆய்வகத்திலிருந்து எவ்வளவு தூரம், இரவு எத்தனை மணிவரை வேலை, அங்கே ஏற்கெனவே ஆராய்ச்சி செய்யும் மாணவி யாருடனாவது பேச முடியுமா என்று மகளே நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம். இவை நியாயமான கேள்விகள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தந்தையோ தாயோ முதல் நாள் உடன் போய்ப் பார்த்துவரலாம். சென்னையில் உறவினர் இருந்தால் முதல் ஆண்டு தரமணி, அடையாறு போன்ற இடங்களுக்கு விண்ணப்பித்து வீட்டிலிருந்தே போய்வரலாம்.

ஹிஜாப் பற்றியும் கேட்கிறார்கள். தலையை மறைப்பதில் பாதுகாப்புச் சிக்கல் ஏதுமில்லை. தீயும் ரசாயனமும் உள்ள ஆய்வகத்தில் தொங்கும் துணி எதுவானாலும் ஆபத்து. அதனால் பருத்தித் துணியை இறுக்கமாகக் கட்டி, முனைகளை ஆய்வக மேலங்கிக்குள் செருகிக்கொள்ள வேண்டும். விடுதி மெஸ்ஸில் சைவ உணவு கிடைத்துவிடும். தொழுகைக்கு விடுதி அறை இருக்கிறது. ஜுமுஆவுக்குப் போக வேண்டிய ஆண் பிள்ளைகள் வழிகாட்டியிடம் முதல் வாரமே சொல்லிவிட்டால் சங்கடம் இருக்காது.

ஹஜ்ஜுப் பெருநாள் இந்த ஆண்டுகளில் மே மாதத்தில் வருகிறது. 2027-ல் மே நடுப்பகுதி. பயிற்சி தொடங்கும் நேரமும் அதுவே. பெருநாளுக்குப் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் என்பது இயல்பான ஆசை. சேரும் தேதியைச் சில நாட்கள் தள்ளிவைக்க முடியுமா என்று தேர்வானவுடனே கேட்டுவிட வேண்டும். கேட்காமல் இருந்துவிட்டு, பெருநாளைக் காரணம் காட்டிப் பயிற்சியையே விட்டுவிடக் கூடாது.

ஜமாஅத்தும் கல்லூரியும்

வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-ல் தொடங்கப்பட்டது. சென்னை நியூ காலேஜும் திருச்சி ஜமால் முகமதுவும் 1951-ல் வந்தன. கல்லூரி கட்ட வேண்டும் என்று அன்றைய பெரியவர்கள் நினைத்ததால் இன்று ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பட்டம் பெறுகிறார்கள். பட்டத்துக்கு அப்பால் கொண்டுசெல்ல இப்போது தேவைப்படுவது கட்டடமோ பெரிய நிதியோ அல்ல.

மே மாத முகாமோடு செப்டம்பரில் இன்னொரு முகாம் வைக்கலாம், ஏற்கெனவே கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்காக. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இந்தத் திட்டங்களின் கடைசித் தேதிகளை எழுதிப்போடலாம். ஊரில் பிஎச்.டி. முடித்தவர் ஒருவர் இருந்தால், நான்கு மாணவர்களின் விண்ணப்பத்தை உட்கார்ந்து திருத்தித் தரச் சொல்லலாம். ஒவ்வொரு துறையிலும் ஓர் ஆசிரியரை இதற்குப் பொறுப்பாகக் கல்லூரி நிர்வாகம் நியமிக்கலாம். உதவித்தொகை கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், முதல் மாதச் செலவுக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் பைத்துல்மாலிலிருந்து கடனாகக் கொடுத்துப் பிறகு திரும்பப் பெறலாம்.

முதல் ஆண்டு பத்துப் பேர் விண்ணப்பித்து ஒருவரும் தேர்வாகாமல் போகலாம். இந்தத் திட்டங்களில் போட்டி கடுமை, மறுப்பு வருவது சாதாரணம். மறுக்கப்பட்ட விண்ணப்பத்தைத் திருத்தி அடுத்த ஆண்டு அனுப்பலாம். அதற்காகத்தான் இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும் என்கிறோம்.

உங்கள் வீட்டில் அறிவியல் படிக்கும் மகனோ மகளோ இருந்தால் இன்று இரவே ஒரு கேள்வி கேளுங்கள்: "அடுத்த கோடை விடுமுறைக்கு எந்த ஆய்வகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறாய், கடைசித் தேதி என்ன?" பதில் தெரியாவிட்டால், இருவரும் சேர்ந்து தேடிப் பார்த்து அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மே மாதம் அந்த விடுதி வாசலில் நம் பிள்ளைகளும் பெட்டியுடன் நிற்பார்கள்.